ரெண்டே கோடு

அன்புள்ள மாப்ளே,

தீபாவளிக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்குப் பொங்கலும் கழிந்து பதில் எழுதுகிறேன். திட்டுவதைப் போனில் வைத்துக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுபடி சீரியல் பார்க்கிறாள். தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? குண்டன் இன்னும் சீட்டுப் பணம் கட்டவில்லையாமே, உனக்கு மட்டும்தான் அதில் ஆச்சரியம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சீனம் எழுதப் பழகுகிறேன் என்றதும் குரூப்பில் நக்கலடித்தாயே, "போனைப் பலகைக்கு நேராகப் பிடித்தால் அதுவே தமிழில் சொல்லுமே, இந்த வயசுல எதுக்குடா" என்று. அங்கேயே பதில் போட்டால் குண்டன் நடுவில் புகுந்து கெடுப்பான். அதனால்தான் கடிதம்.

இங்கே சீனாவில், ஷாவ்ஷிங் நகரத்துக் கெச்சியாவ் துணி மார்க்கெட்டில் விலை பேசக் கால்குலேட்டர் போதும், சண்டை போடப் போன் போதும். ஒரு எழுத்தும் தெரியாமல் வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படியே ஓட்டியிருப்பேன். ஆபீசில் கணக்குப் பார்க்கிற பெண்ணின் மகள் ஒன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் என் மேஜையில்தான் வீட்டுப்பாடம். அவர்கள் புத்தகத்தின் முதல் பாடம் வானம், பூமி, மனிதன். அந்த மனிதனிடம்தான் மாட்டிக்கொண்டேன்.

மனிதனுக்கு 'ழென்'. ஆங்கிலத்தில் ஆர் போட்டு எழுதுகிறார்கள், வாயில் வருவதென்னவோ நம் ழகரத்துக்கு வெகு பக்கம். தமிழய்யாவிடம் வாங்கிய அடி வீண்போகவில்லை. 'ஏன்?' என்று கேட்கிறபோது ஏறுமே, அப்படிக் குரல் ஏற வேண்டும். எழுத ரெண்டே கோடு. மேலிருந்து இடப்பக்கம் சரிந்து இறங்குவது 'பியே', முனை மெலிந்து முடியும். அதிலிருந்து பிரிந்து வலப்பக்கம் இறங்குவது 'நா'. கீழே வரவர அழுத்தம் கூட்டி, பாதத்தில் ஒரு கணம் நிறுத்தி, அப்புறம் தூக்க வேண்டும். நோட்டில் ஒவ்வொரு கட்டமும் நாலாகப் பிரிந்து, வரப்பு போட்ட வயல் மாதிரி இருக்கும். அவர்களும் அதை வயல் கட்டம் என்றுதான் சொல்கிறார்கள். அந்த வயலில் என் ஆள் நேராக நிற்கவே மாட்டேன் என்கிறான். "ஷூஷூ, இவர் விழப்போகிறார்" என்று குட்டி ரப்பரை நீட்டும். ஷூஷூ என்றால் சித்தப்பா. நீ இதை வைத்து என்ன செய்வாய் என்று தெரியும்.

வலக்கோடு இடக்கோட்டின் தலையைத் தாண்டிவிட்டால் அது மனிதனே இல்லை, 'ழு', அதாவது நுழை. ரெண்டும் ஒட்டாமல் விலகினால் 'பா', எட்டு. மனிதனுக்குப் பக்கத்தில் வாய் எழுத்தைப் போட்டால் மக்கள்தொகை. நுழைக்குப் பக்கத்தில் அதே வாயைப் போட்டால் நுழைவாயில்! கார் நிறுத்துமிடத்து வாசலில் 'மக்கள்தொகை' என்று வாசித்துவிட்டு முழிக்கிற புது ஆட்கள் உண்டு.

மனிதனுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டால் பெரியது, அதன் தலைமேல் இன்னொன்று போட்டால் வானம். மூன்று பேரை அடுக்கினால் கூட்டம். 'நீ', 'அவன்' எழுதும்போது இடப்பக்கம் ஒல்லியாக ஒதுங்கி நிற்பதும் இவன்தான். மரத்தருகே நின்றால் ஓய்வு. அது உனக்கென்றே உண்டான எழுத்து. இங்கத்துப் பண நோட்டின் தலையில் 'சீன மக்கள் வங்கி' என்று ஆறு எழுத்து இருக்கிறது, மூன்றாவது நம்ம ஆள். இத்தனை காலம் எண்ணி எண்ணிக் கொடுத்த பணம், மாப்ளே!

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. பல்லடம் பஸ் ஸ்டாண்டில் அம்மா யாரையாவது நிறுத்தி, "கண்ணு, இது எங்க போற பஸ்ஸு?" என்று கேட்பாளே, ஞாபகமிருக்கிறதா? போர்டு கண் முன்னாலேயே இருக்கும். கேட்கும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கும். பலகைக்கு நேரே போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறபோது எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அவள் ஆளைக் கேட்டாள், நான் போனைக் கேட்கிறேன். நீ கேட்ட 'எதுக்குடா'வுக்கு வேறு பதில் என்னிடம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், போன் அவர்கள் கையையும் கெடுத்துவிட்டது. ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டினால் எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும், ஒன்றைத் தொட்டால் போதும். கடைசியில் பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது. அதற்கென்று 'திபி வாங்ட்ஸ' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள்.

போன ஞாயிறு லான்டிங் போனேன். இதே ஷாவ்ஷிங் பக்கம்தான். 353-ல் வாங் ஷிச்சி என்ற பேர்போன கையெழுத்துக் கலைஞர் நண்பர்களோடு ஓடைக்கரையில் உட்கார்ந்து, மிதந்து வரும் கிண்ணத்து மதுவைக் குடித்துக் கவிதை கட்டிய இடம். அந்தக் கவிதைகளுக்கு அவர் எழுதிய முன்னுரையைத்தான் சீனக் கையெழுத்தின் உச்சம் என்கிறார்கள். மூலம் தொலைந்துவிட்டது, இருப்பதெல்லாம் பிரதிகள். அதன் முதல் எழுத்தை வைத்தே அடிப்படைக் கோடுகள் எட்டையும் பழக்குகிறார்கள். என் ரெண்டும் அதற்குள் இருக்கின்றன. வாங் ஷிச்சி குடித்துவிட்டு எழுதினார் என்பது கதை. அது நிஜமானால் குண்டனுக்கும் நம்பிக்கை உண்டு.

நீயும் ஒரு தாளில் ழென் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. இடக்கோடு முதலில். தலை தப்பாக நீட்டியிருந்தால் திரும்பி வரும், திருத்தப்போவது நானில்லை, குட்டி. ரிப் துணி சாம்பிள் விஷயம் போனில் பேசலாம். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

உன் மச்சான்