பச்சை ஹாப்ஸ் பீருக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கும் நண்பர்களுக்கும்,

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூவான ஹாப்ஸை, எங்கள் தோட்டத்தில் பறித்து உலர்த்தாமல் பச்சையாகவே போட்டுக் காய்ச்சிய பீர், பீப்பாய்க்கு வந்துவிட்டது. உங்களுக்கு நன்றி சொல்லாமல் அதைத் திறக்க மனம் வரவில்லை.

முதலில் வேர்க்கிழங்கு கொடுத்த பண்ணைக்காரருக்கு. காஸ்கேட் ரகம், 1972இல் வெளிவந்தது. எங்களுக்காகப் பெண் செடிகளாகப் பார்த்து வெட்டித் தந்தார். ஹாப்ஸ் முழு விளைச்சலுக்கு வர மூன்று பருவமாவது ஆகும். அதுவரை அடிக்கடி வந்து பார்த்து, அடிச்சாம்பல் நோய் ஏறாமலிருக்கக் கீழ் இலைகளைக் கிள்ளிவிடச் சொன்னவரும் அவர்தான்.

அப்புறம், ஐந்தாறு மீட்டர் உயரத்தில் கம்பி இழுத்துத் தென்னை நார்க் கயிறு கட்டிப் பந்தல் போட்டவர்களுக்கு. சொரசொரப்பான கயிறு என்பதால் கொடிகள் நன்றாகப் பற்றி ஏறின.

பறிப்பு நாளைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பறித்த பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் ஈரம். குவித்து வைத்தால் சூடேறி மணம் கெட்டுவிடும். பச்சை ஹாப்ஸ் பீர் என்றால் 24 மணி நேரத்துக்குள் பூ கொதிகலனில் விழுந்தாக வேண்டும். அதுவும் உலர்ந்த பூவைப்போல் ஐந்து மடங்காவது எடை வேண்டும். எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும் செய்து முடிக்கிற வேலையா இது? மழை வரப்போகிறது என்று சொல்லியனுப்பியதும், அவரவர் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்தீர்கள். கொடியின் முரட்டு ரோமம் கீறிக் கைகள் சிவந்துபோயின. பிசின் ஒட்டி விரல்கள் கறுத்துவிட்டன. ஒரு பூவைப் பிளந்து உள்ளே இருக்கும் மஞ்சள் தூளை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி பறிக்க உட்கார்ந்தீர்கள். பீரின் கசப்பும் மணமும் அந்தத் தூளில்தான் இருக்கின்றன.

மிச்சப் பூவை உலர்த்தத் தட்டுகள் செய்து கொடுத்த தச்சர், இரவு முழுக்கத் தூங்காமல் எங்களோடு பூவைத் திருப்பிப் போட்டார். நடுக்காம்பு வளையாமல் பட்டென்று ஒடிகிற பதம் வரும்வரை அவர் வீட்டுக்குப் போகவில்லை. இதை நாங்கள் மறக்க மாட்டோம். பீர் காய்ச்சியபின் மிஞ்சும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சக்கை புளிக்கும் முன் மாடுகளுக்கு அள்ளிப் போகும் பால்காரருக்கும் நன்றி. அவர் தவறாமல் வருவதால்தான் ஆலை சுத்தமாக இருக்கிறது.

சரி, பீப்பாய் உங்களுக்காகக் காத்திருக்கிறது. பச்சை ஹாப்ஸ் மணம் சீக்கிரம் மங்கிவிடும், அதனால் தள்ளிப்போடாமல் வாருங்கள். வசந்தத்தின் தொடக்கத்தில் வேரை ஒழுங்குபடுத்தும்போது கிழங்குகள் மிஞ்சும். நட இடம் இருப்பவர்கள் இப்போதே சொல்லிவையுங்கள், எடுத்து வைக்கிறோம்.

நிறைந்த நன்றியுடன்,
ஆலையிலும் தோட்டத்திலும் இருக்கும் நாங்கள்