நீ அனுப்பிய வரைபடம்

அன்புள்ள சரவணா,

நலம். உன் முட்டிவலி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, தேவலை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இத்தனை நாள் பதில் போடாதவன் இன்று உட்கார்ந்ததற்கு உன் வரைபடம்தான் காரணம். உடற்சோர்வு பற்றிய கட்டுரைகள் ஆண்டுக்காண்டு ஏறுகின்றன, அதனால் உன் மாணவி அதையே முனைவர் பட்டத்துக்கு எடுக்கட்டும் என்கிறாய். கொஞ்சம் பொறுடா.

நீ எண்ணிய பப்மெடில், அதாவது மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தேடுதளத்தில், 2000-ஆம் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல்தான் பதிவுகள். இப்போது ஆண்டுக்குப் பதினைந்து லட்சத்தைத் தாண்டுகிறது. மொத்தமே இப்படிப் பெருகும்போது எந்தச் சொல்லைப் போட்டாலும் கோடு ஏறத்தானே செய்யும்? அந்தந்த ஆண்டின் மொத்தத்தால் வகுத்து, லட்சம் கட்டுரைக்கு எத்தனை என்று போட்டுப் பார். அப்போதும் கோடு ஏறினால்தான் அது உன் துறையின் ஏற்றம்.

அப்புறம் அந்த 1975. உன் படத்தில் அங்கே தூண்கள் சட்டென்று உயர்கின்றன, கவனித்தாயா? அந்த ஆண்டிலிருந்துதான் பதிவுகளில் கட்டுரைச் சுருக்கத்தையும் சேர்க்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் தேடலில் சிக்குவதற்குத் தலைப்பும் பொருள்குறிச் சொற்களும்தான் இருந்தன. தலைப்புக்குள் மட்டும் தேடு, அந்தத் திடீர் உயர்வு எவ்வளவு மிஞ்சுகிறது என்று தெரியும். கடைசித் தூண் குட்டையாக நிற்பதைப் பார்த்தும் பதறாதே, ஆண்டு இன்னும் முடியவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் வரைபடமே வேண்டாம் என்கிறேன் என்று நினைக்காதே. பின்னாளில் அறிவியல் வரலாற்றாளராகப் பெயர்பெற்ற டெரிக் டி சோலா பிரைஸ் 1940-களின் இறுதியில் சிங்கப்பூரில் பாடம் நடத்தியபோது, லண்டன் ராயல் சொசைட்டியின் பழைய இதழ்த் தொகுதிகள் அவர் வீட்டில் இருந்தன. அவற்றைப் பத்துப் பத்து ஆண்டாகப் பிரித்துச் சுவரோரம் அடுக்கிவைத்தார். அடுக்குகளின் உச்சியே ஒரு வளைகோடாக மேலேறி நின்றதாம்! சில ஆண்டுகளுக்கொருமுறை இரட்டிப்பாகும் வளர்ச்சி என்று அதிலிருந்துதான் பிடித்தார். நினைக்க நினைக்க எனக்குச் சிலிர்க்கிறது. அப்படிப்பட்ட வளர்ச்சியை மடக்கை அளவுகோலில், அதாவது ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல் பத்து மடங்காகும் அளவுகோலில், போட்டால் நேர்கோடாகிவிடும். கோடு எங்கே மடங்குகிறதோ அங்கேதான் கதை. உன் படத்தையும் அப்படி ஒருமுறை போடு.

சரி, என் கவலைக்கு வருகிறேன். எண்ணிக்கை ஏறுகிறது என்றால் அங்கே ஏற்கெனவே கூட்டம் என்றுதான் பொருள். பதில் கிடைக்காத கேள்வி எது என்று எந்தத் தூணும் சொல்லாது. அவளுக்கு அது இளமையின் சில ஆண்டுகள், சரவணா. ஒவ்வொரு பத்தாண்டிலிருந்தும் பத்துக் கட்டுரையாவது எடுத்து, யாரிடம், எதைக் கொண்டு சோர்வை அளந்தார்கள் என்று அவளே படித்துக் குறிக்கட்டும். அதற்கப்புறம் அவளுக்கே என்ன தோன்றுகிறது என்று கேள். தலைப்பைப் பதிவுசெய்ய இன்னும் நேரமிருக்கிறது அல்லவா? அந்தக் குறிப்புகளை எனக்கும் அனுப்பு, நானும் சேர்ந்து படிக்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்