எளிய படிப்புகளாமே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மலரின் கல்விப் பக்கத்தில், 'மருத்துவம் கிடைக்காத பிள்ளைகள் மனம் தளர வேண்டாம். பொருளியல், புவியியல் போன்ற எளிய படிப்புகளும் உள்ளன' என்று ஒரு வரி வந்திருந்தது. ஆறுதல் சொல்லத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் கீழே இருந்த பட்டியலைப் பார்த்தால் அது பொருளியலும் இல்லை, புவியியலும் இல்லை. ஒன்று நிபோங் திபாலில் யுஎஸ்எம் என்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் சொல்லித்தரும் பொருளறிவியல், அதாவது மெட்டீரியல்ஸ் சயன்ஸ். மற்றது மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பாங்கியில் உள்ள யுகேஎம் என்ற மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்திலும் இருக்கும் நிலவியல், அதாவது ஜியோலோஜி. பொருளியல் என்றால் எக்கோனமி, புவியியல் என்றால் ஜியோகிராஃபி என்று தங்களுக்குத் தெரியாதா? பக்கம் கட்டியவருக்குத் தெரியவில்லை போலும்.

சொல் மாறியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த 'எளிய' என்ற சொல்தான் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

நான் பத்துகாஜாக்காரன். அப்பா ஈயக் கப்பலில், அதாவது குட்டையில் மிதந்தபடி வெள்ளீயம் தோண்டும் இயந்திரத்தில், வேலை செய்தார். 1985 அக்டோபரில் ஈயச் சந்தை கவிழ்ந்தது, அப்பாவின் வேலையும் போனது. மறுவருடம் நான் பினாங்குக்கு வந்து பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அங்கேயும் ஈயம்தான். அப்பா குட்டையிலிருந்து தோண்டினார், நான் சிப்பை போர்டில் ஒட்டும் சோல்டராக உருக்கினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

2006-இல் ஐரோப்பாவுக்குப் போகும் மின்னணுச் சாமான்களில் காரீயம் இருக்கக்கூடாது என்று விதி வந்தது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த பழைய சோல்டர் 183 டிகிரியில் உருகிவிடும். காரீயத்தை எடுத்ததும் அது 217-க்கு ஏறியது. போர்டு வளைந்தது, ஒட்டு விரிந்தது. அதைவிடப் பெரிய தலைவலி மீசை. சிரிக்காதீர்கள், ஐயா. காரீயம் சேராத வெள்ளீயப் பூச்சில் முடியைவிட மெல்லிய இழை தானாகவே முளைக்கும். சிப்பின் பக்கத்துக் கம்பிக் காலைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். எங்கள் லைனில் ஒரு லாட் முழுவதும் திரும்பி வந்தது. இருபது வருட சர்வீஸ்காரர்கள் நாங்கள் ஃப்ளக்ஸை மாற்றினோம், மிஷினைக் கழுவினோம், நைட் ஷிஃப்டைத் திட்டினோம், நைட் ஷிஃப்ட் எங்களைத் திட்டியது. கடைசியில், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண், நிபோங் திபாலில் படித்தவள், ஒட்டைக் குறுக்கே அறுத்து, பளபளவென்று தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினாள். பூச்சு உள்ளுக்குள் நெருக்குண்டு கிடக்கிறது, அந்த நெருக்கம்தான் இழையாகப் பிதுங்கி வெளியே வருகிறது என்றாள். அந்தப் பெண் படித்ததுதான் உங்கள் எளிய படிப்பு.

அன்று இரவு சாப்பிடும்போது இந்தக் கதையை வீட்டில் சொன்னேன். தொடக்கப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த மகள் வாயைப் பிளந்து கேட்டாள். பின்னால் அதையே படித்து இப்போது கூலிமில் வேலை செய்கிறாள். கல்யாண வீடுகளில் "பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் "ஓ, பொருளா? பேங்க்ல வேலையா?" என்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? அவர்கள் படிப்பது உங்கள் கல்விப் பக்கத்தை.

2024 மே மாதம் பிரதமர் செமிகண்டக்டர் திட்டத்தை அறிவித்து 60,000 பொறியாளர்களை உருவாக்கப்போவதாகச் சொன்னபோது முதல் பக்கத்தில் போட்டீர்கள். அந்த 60,000 பேரும் மருத்துவம் கிடைக்காமல் மனம் தளர்ந்தவர்கள்தானா?

அதே ஆண்டு ஆகஸ்டில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடந்துபோன, ஆந்திரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு இந்தியப் பெண்மணியை நிலம் விழுங்கியது. ஒன்பது நாள் தேடினார்கள், கிடைக்கவில்லை. தாங்களும் நாள்தோறும் படம் போட்டீர்கள். கோலாலம்பூரின் பெரும்பகுதி, நீரில் கரைந்து குழி விழும் சுண்ணாம்புப் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது, நாம் 272 படி ஏறும் பத்துமலையும் அதே பாறைதான், அந்தப் பாறையின் விளிம்பு காரணமாகத்தான் இரட்டைக் கோபுரத்தையே முதலில் குறித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளிக் கட்டினார்கள் என்றெல்லாம் சொல்ல ஒரு நிலவியலாளரைத் தேடிப் பிடித்திருக்கலாமே? 2008-லேயே அவர்களுக்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள், ஆள் கிடைக்காமல் இல்லை. 2017-இல் பினாங்கின் தஞ்சோங் பூங்கா வட்டாரத்தில் மலைச்சரிவு இடிந்து 11 பேர் புதைந்தபோதும் இதே கதைதான்.

கோள்களுக்குத் தங்கள் பத்திரிகையில் இடமில்லை என்று மட்டும் சொல்லமாட்டேன். சனிப்பெயர்ச்சிக்கு எட்டுப் பக்க இணைப்பு வந்ததே! ஆனால் ஹார்வர்ட், பெர்க்லி போன்ற இடங்களில் புவியையும் கோள்களையும் ஒரே துறையில் வைத்துச் சொல்லித்தருகிறார்கள் என்பது அந்த எட்டுப் பக்கத்தில் இல்லை. அவ்வளவு தூரம் போவானேன், இதோ பேராவில் லெங்கோங் பக்கம் புக்கிட் புனோவில் 1.83 மில்லியன் ஆண்டுக்கு முந்தைய விண்கல் மோதலின் தடயம் இருப்பதாக யுஎஸ்எம் ஆய்வாளர்கள் சொல்லி எவ்வளவு காலமாயிற்று.

இதே போன்ற ஒரு விஷயத்துக்காக முன்பு ஒருமுறை எழுதினேன். இரண்டு பக்கக் கடிதம் நான்கு வரியாக வந்தது, அதிலும் என் ஊர் சுங்கை பட்டாணி ஆகியிருந்தது. இந்தத் தடவை வெட்டுவதானால் மேலே இருப்பதை எல்லாம் வெட்டிக்கொள்ளுங்கள். இதை மட்டும் விட்டுவிடுங்கள்.

மகன் ஆறாம் படிவத் தேர்வான எஸ்டிபிஎம் முடித்திருக்கிறான். பல்கலைக்கழக விண்ணப்பமான யூபியூவில் முதல் விருப்பமாக நிலவியல் போட்டிருக்கிறான். உங்கள் பக்கத்தை அவன் பெரியம்மா படம் பிடித்து வாட்சப்பில் அனுப்ப, என் மனைவி இப்போது வரிசையை மாற்றச் சொல்லி நிற்கிறாள். மாற்றுவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. 34 வருடம் தொழிற்சாலையில் இருந்த நான் சொல்லி அவள் கேட்கவில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், 'பொருளியல் என்பதைப் பொருளறிவியல் என்றும், புவியியல் என்பதை நிலவியல் என்றும் திருத்தி வாசிக்கவும். எளிய என்பதை நீக்கவும்' என்று ஒரு திருத்தம் போடுங்கள். சின்ன எழுத்தானாலும் பரவாயில்லை. அச்சில் வந்தால் நம்புவாள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
பட்டர்வொர்த் (சுங்கை பட்டாணி அல்ல)