ஆடிஷனுக்கு அனுப்பும் படம் எப்படி இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நடிக்க வாய்ப்பு தேடி வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் வருகிற பிள்ளைகளில் பலர் முதல் செலவாகச் செய்வது போட்டோ ஷூட். ‘போர்ட்ஃபோலியோ’ என்று சொல்லி ஐந்தாறு உடை, கனத்த மேக்கப், கூலிங் கிளாஸ், பைக், புகை மெஷின் எல்லாம் வைத்து நாற்பது ஐம்பது படம் எடுத்து, தடித்த ஆல்பமாகக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நடிகர் தேர்வுக்கு அதில் இரண்டு படம் தேறினால் அதிகம்.

காரணம் எளிது. தேர்வைக் கவனிக்கும் உதவி இயக்குநர் முகங்களைப் பார்ப்பது போனில், சின்னதாக, வரிசையாகத் தள்ளிக்கொண்டே. படத்தில் இருக்கிற ஆள்தான் நேரிலும் வந்து நிற்பாரா என்பதே அவருக்கு முக்கியம். படத்தில் ஒரு நிறம், வாசலில் வேறு நிறம் என்றால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் நேரம் வீண்.

எட்டு படம் போதும். தோள்வரை நெருக்கமாக இரண்டு: ஒன்று முகத்தில் எந்த பாவமும் இல்லாமல், ஒன்று பல் தெரியச் சிரித்து. இடுப்புவரை இரண்டு, தலை முதல் கால்வரை இரண்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் முகம் திரும்பியபடி ஒவ்வொன்று. கேமரா கண் மட்டத்தில் இருக்க வேண்டும். கீழிருந்து எடுத்தால் தாடையும் மூக்குத் துவாரமும்தான் முன்னே வரும்.

லென்ஸ் விஷயத்தில் நடக்கும் தவறு சாதாரணமானதல்ல. ஃபுல் ஃப்ரேம் கேமரா (படம் பதியும் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவில் இருப்பது) என்றால் 85 மி.மீ. லென்ஸ், சிறிய சென்சார் என்றால் 50 மி.மீ. லென்ஸ் வைத்து இரண்டு மீட்டராவது தள்ளி நின்று எடுக்க வேண்டும். போனின் சாதாரண கேமராவில் முகத்தை நிரப்ப ஒரு முழம் தூரத்துக்குப் போகிறோம். மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்துகொள்கிறது. கேமராவுக்கு மூக்கு அருகிலும் காது தொலைவிலும் இருப்பதால் வரும் கோளாறு இது, லென்ஸை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. போனில்தான் எடுக்க முடியும் என்றால் 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் ஜூம் வைத்துப் பின்னால் நகருங்கள். செல்ஃபி வேண்டாம். பல போன்களில் அது கண்ணாடிபோல் திருப்பிச் சேமிக்கும். வலக் கன்னத்து மச்சம் இடக் கன்னத்துக்குப் போய்விடும்.

வெளிச்சத்துக்கு 90 முதல் 120 செ.மீ. அளவுள்ள சாஃப்ட் பாக்ஸ் (விளக்கின் வெளிச்சத்தை வெள்ளைத் துணி வழியே மென்மையாக்கும் பெட்டி) ஒன்று போதும். முகத்துக்கு 45 டிகிரி பக்கவாட்டில், கண்ணுக்குச் சற்று மேலே. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. மார்புக்குக் கீழே இன்னொன்று பிடித்தால் கண்ணுக்கடியில் கருவளையம் குறையும். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அது இல்லாத கண் செத்த கண். லென்ஸின் திறப்பை எஃப் 5.6 முதல் 8 வரை (எண் கூடினால் திறப்பு சிறிது) வைத்தால் மூக்கு நுனியிலிருந்து காதுவரை தெளிவாக வரும், எஃப் 1.4 வைத்துப் பின்னணியைக் கரைக்கும் மோகத்தில் ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் போய்விடுகிறது. ஆள் பின்திரையிலிருந்து ஐந்தாறு அடி முன்னால் நின்றால் நிழல் விழாது. வீட்டில் எடுப்பவர்கள் வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரம் நின்று, டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் முகத்தில் பாதி ஒரு நிறம், பாதி வேறு நிறம்.

இனி, நிறம். மாநிறத்தவரையும் கறுத்தவரையும் வெள்ளைத் திரைக்கு முன் நிறுத்தி ஆட்டோவில் எடுத்தால், திரையின் வெளுப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். பிறகு கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் ஏற்றுவார்கள். தோல் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். சாம்பல் நிறத் திரை வைத்து, முகத்தில் விழும் வெளிச்சத்தை அளவெடுத்து அதற்கேற்ப எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. இரண்டு ஷேடு வெளுத்த ஃபவுண்டேஷன் போட்டால் கழுத்தும் காதும் காட்டிக்கொடுக்கும். சன்ஸ்கிரீன் கலந்த க்ரீம் பூசிவந்து ஃப்ளாஷில் நின்றால் முகம் மாவு பூசியதுபோல் வெளுக்கும். அதிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடும் ஜிங்க் ஆக்சைடும் வெளிச்சத்தைத் திருப்பியடிப்பதே காரணம். தேங்காய் எண்ணெய் தடவிய தலையோடு வராதீர்கள். நெற்றியில் மினுமினுப்பு வந்தால் டிஷ்யூ வைத்து ஒற்றினால் போதும், பவுடரை அப்ப வேண்டியதில்லை. இதையெல்லாம் மீறி “கொஞ்சம் கலரா ஆக்கித் தரட்டுமா” என்று கேட்கும் ஸ்டுடியோவிலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்தும் டச்சிங்கில் ஒரு கணக்கு உண்டு. ஒரு வாரத்தில் தானாகப் போய்விடும் பருவை எடுக்கலாம். மச்சம், தழும்பு, கன்னக்குழி, முன்நரை இவற்றில் கை வைக்கக் கூடாது.

ஆண்கள் தாடியோடு வந்து, தாடியில் முதல் சுற்று, ட்ரிம் செய்து இரண்டாவது, மீசை மட்டும் வைத்து மூன்றாவது என்று ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம். முழுச் சவரம் கடைசியில்தான். சிவப்பு அடங்க அரைமணி நேரம் விட வேண்டும். உடை இஸ்திரி போட்ட ஒற்றை நிறச் சட்டை அல்லது சுடிதார். நெருக்கமான கோடு, பொடிக்கட்டம் போட்ட துணி படத்தில் அலையலையாக நெளியும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் அதன் காதுத்தண்டைச் சிறிது தூக்கிவைத்தால் பிரதிபலிப்பு போய்விடும்.

படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயர், உயரம், எடுத்த மாதம் இருக்கட்டும். உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிப் போடுவது கதாநாயகி பக்கத்தில் நிற்கும்போது தெரிந்துவிடும்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆவது பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காசு கொடுத்து எடுக்கச் சொன்னவரே புகைப்படத்தின் முதல் உரிமையாளர். ஆகவே ஸ்டுடியோவில் நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். முழு அளவுக் கோப்புகள் எத்தனை, எந்தத் தேதிக்குள் என்பதை முன்பணம் தரும்போதே எழுதி வாங்குங்கள். “நீங்கள் செலக்ட் ஆகிவிட்டீர்கள், எங்கள் ஸ்டுடியோவில் போர்ட்ஃபோலியோ மட்டும் எடுத்துவிடுங்கள்” என்று வரும் அழைப்பு வாய்ப்பு அல்ல, வியாபாரம். தேர்வு செய்பவர் நடிகரிடம் காசு வாங்குவதில்லை. கலிஃபோர்னியாவில் நடிகர்களுக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜென்டுகள் இப்படி முன்பணம் வாங்குவதை 2009இல் சட்டம் போட்டே தடுத்தார்கள்.

இங்கே அப்படியொரு சட்டம் வரும்வரை, ‘புதுமுகங்கள் தேவை’ என்ற வரி விளம்பரங்களை ஏற்கும்போது தயாரிப்பு நிறுவனத்தின் பெயரும், புகைப்படத்துக்கோ பெயர்ப் பதிவுக்கோ கட்டணம் உண்டா என்பதும் விளம்பரத்திலேயே இருக்க வேண்டும் என்று தங்கள் விளம்பரப் பிரிவு நிபந்தனை விதிக்கலாமே.

இப்படிக்கு,
ஸ்டில் போட்டோகிராபர் ஒருவர்,
சாலிகிராமம், சென்னை