ஆலங்கட்டியை அளந்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் பெய்த ஆலங்கட்டி மழைக்கு நீங்கள் போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். ஒரு சிறுமி உள்ளங்கையில் நாலைந்து கட்டிகளை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், கீழே "பொதுமக்கள் மகிழ்ச்சி" என்று ஒரு வரி. அந்த மழையில் நாங்களும் மாட்டினோம். எங்கள் வீட்டில் யாரும் மகிழவில்லை, எங்கள் தெருவிலும் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

மொத்தம் பதின்மூன்று நிமிடம்தான் பெய்தது. மதியம் மூன்றரை மணிக்கே விளக்குப் போட வேண்டிய அளவுக்கு இருட்டிவிட்டது, அப்புறம் தூரத்தில் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல ஒரு இரைச்சல் கேட்டது, அது நெருங்கி வந்துகொண்டே இருந்தது. முதலில் கோலிக்குண்டு அளவில்தான் விழுந்தன. சரி, பார்க்க அழகாகத்தான் இருந்தது, என் மகன் பொறுக்கப் போகிறேன் என்று வாசலுக்கு ஓடினான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, எலுமிச்சம்பழ அளவில் ஒன்று விழுந்து படியோரம் இருந்த பூந்தொட்டி இரண்டாகப் பிளந்தது. அவனுக்கும் தொட்டிக்கும் நடுவே நாலடிகூட இல்லை. சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தேன், கதவைச் சாத்திய பிறகு நான் கத்தியது அவனுக்குக் கேட்கவே இல்லை, கூரையில் அவ்வளவு சத்தம்.

பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பதினொரு ஓட்டை. காரின் முன்கண்ணாடி சிலந்திவலைபோல விரிந்துவிட்டது. ஆனால் பெரிய சேதம் வேறு வழியில் வந்தது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்லிக் கேட்டதில்லை: மொட்டைமாடியில் குவிந்த கட்டிகள் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயை இறுக அடைத்துவிட்டன, பின்னாலேயே வந்த மழைநீர் போக வழியில்லாமல் தேங்கி, மாடிப்படி வழியாக வீட்டுக்குள் இறங்கிவிட்டது. மெத்தை, புத்தகம், மகனின் பள்ளிக்கூடப் பை எல்லாம் போயின. மழை விட்டதும் வெளியே வந்தால் தெரு முழுக்கப் பச்சை இலை நசுங்கிய வாடை, புல்வெட்டிய இடத்தில் வருமே அதைப்போலப் பத்து மடங்கு. மரத்தில் ஒரு இலை முழுசாக இல்லை. அடியில் கிளிகள் செத்துக் கிடந்தன, ஏழு வரை எண்ணினேன், அதற்குமேல் மனம் வரவில்லை.

வீடு தேறிவிடும். எங்கள் தெரு முடிகிற இடத்தில் இருக்கும் வயல்காரர் நிலைதான் வேறு. அறுப்புக்கு ஒரு வாரம் இருந்த பயிர், தண்டோடு முறிந்து சேற்றில் படுத்துவிட்டது. வரப்பைத் தாண்டி நூறு மீட்டர் போனால் அடுத்தவர் வயல் அப்படியே நிற்கிறது. ஆலங்கட்டி அப்படித்தான், மேகம் போகிற வழியில் ஒரு பட்டையாக விழும், பட்டைக்கு வெளியே ஒன்றும் இருக்காது. அதனால் பக்கத்து ஊர் மழைமானியில் "லேசான மழை" என்று பதிவாகும்போது இவருக்கு ஒரு பருவமே போயிருக்கும். சேதம் கேட்டுப் போகும் இடத்தில் எல்லாம், ஐயா அப்படி ஒன்றும் பதிவாகவில்லையே என்கிறார்களாம்.

இங்கேதான் செய்தித்தாள் உதவ முடியும் என்று நினைக்கிறேன். மேகத்துக்குள் ஆலங்கட்டி இருப்பதை ரேடார் ஓரளவு காட்டிவிடும், ஆனால் தரையில் எந்த அளவில் விழுந்தது என்பதைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். உலகத்தில் இதுவரை பதிவான பெரிய ஆலங்கட்டி 2010 ஜூலை 23 அன்று அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் விவியன் என்ற சிற்றூரில் விழுந்தது, 20 சென்டிமீட்டர் குறுக்களவு, ஏறக்குறைய 880 கிராம். அது கணக்கில் வந்ததே ஊர்க்காரர் ஒருவர் அதை எடுத்து ஃப்ரீசரில் வைத்ததால்தான். எடையில் பெரியது நம் பக்கத்து நாடான வங்காளதேசத்தில், 1986 ஏப்ரலில் கோபால்கஞ்சில் விழுந்தது, ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இதெல்லாம் குளிர்நாட்டுச் சமாச்சாரம் என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஆலங்கட்டி மழையில் அதிகம் பேர் இறந்ததாக உலக வானிலை அமைப்பு பதிவு செய்திருப்பது நம் நாட்டில், 1888 ஏப்ரல் 30 அன்று மொராதாபாத் அருகே, 246 பேர்.

கொல்லும் அளவுக்கு வேகம் எங்கிருந்து வருகிறது என்று மகன் கேட்டான். இடிமேகத்துக்குள் காற்று கீழிருந்து மேலே பலமாக வீசுகிறது, பூச்சியம் டிகிரிக்குக் கீழேயும் உறையாமல் இருக்கும் நீர்த்துளிகள் ஒரு சின்னக் கட்டியின்மேல் பட்டதும் உறைந்து படிகின்றன, காற்று தாங்குகிற வரை கட்டி மேலேயே வளர்கிறது, தாங்க முடியாத கனம் வந்ததும் விழுகிறது. ஆக, கட்டி பெரிதாக இருந்தால் அதைத் தாங்கிய காற்று அவ்வளவு பலம், விழுகிற வேகமும் அவ்வளவு அதிகம். ஐந்து சென்டிமீட்டர் கட்டி மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வந்து தலையில் விழலாம்.

அதனால் ஆசிரியர் ஐயா, அடுத்த முறை அந்தச் செய்தியோடு எத்தனை மணிக்கு, எந்தப் பகுதியில், எத்தனை நிமிடம், எவ்வளவு பெரிய கட்டி என்று நாலு விவரம் சேர்த்துப் போடுங்கள். வாசகர்கள் கட்டியை ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், மழை நின்ற பிறகு மட்டும். பெய்யும்போது மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கிளை முறியும். கண்ணாடி ஜன்னலை விட்டு விலகி நில்லுங்கள். வண்டியை நனையாமல் நிறுத்துகிறேன் என்று வெளியே ஓடாதீர்கள். வெட்டவெளியில் மாட்டினால் பையோ பலகையோ கிடைத்ததைத் தலைக்குமேல் பிடியுங்கள். இதையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டால் நல்லது. பயிர் வைத்திருப்பவர்கள் வயலைச் சுத்தம் செய்யும் முன்பே தேதி தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளட்டும். கட்டி உருகிவிடும், அப்புறம் காட்ட ஒன்றும் இருக்காது.

நான் அளந்தது நாலரை சென்டிமீட்டர், மகனின் ஸ்கேலில்தான் அளந்தேன். படத்தை இதோடு இணைத்திருக்கிறேன். வயல்காரரும் இரண்டு படம் கொடுத்திருக்கிறார், இடம் இருந்தால் அவருடையதை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்