ஞாயிறு வகுப்பும் பாரிஸ் பயணமும்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். லண்டனில் நம் தமிழ்ப் பள்ளியின் இத்தவணை இனிதே நிறைவடைகிறது. வாணி விழா சிறப்பாக நடந்தேறியது. பேச்சுப்போட்டியில் நம் மாணவர் பலர் பரிசு பெற்றனர். புதிதாகச் சேர்ந்த சிறுவர்களும் எழுத்துகளை நன்கு கற்று வருகின்றனர்.

ஞாயிறு வகுப்புக்கு முந்தைய நாள் பாரிஸ் சென்று வரும் குடும்பங்கள் குறித்துச் சற்று விரிவாக எழுத வேண்டியுள்ளது. உறவினர் திருமணத்துக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் செல்வது நம் கடமை. மாமாவையும் சித்தியையும் பிள்ளைகள் அறிந்து வளர்வதும் தமிழ்க் கல்வியின் ஒரு பகுதியே. ஆனால் "விமானத்தில் ஒரு மணி நேரம்தானே, பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கும் வகுப்புக்கு வந்துவிடுவோம்" என்ற கணக்கு பெரும்பாலும் தவறிவிடுகிறது.

லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறக்குறைய 345 கிலோமீட்டர்தான். விமானம் வானில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பாரிஸ் நேரம் நம்மைவிட ஒரு மணி முந்தியது என்பதால், காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் 10.20க்கு இங்கு இறங்குவதாகப் பயணச்சீட்டில் இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்த விமானத்தைப் பிடிக்க, பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலிலிருந்து காலை 7 மணிக்கே புறப்பட்டு, கார் து நோர் நிலையத்தில் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர் ரயிலில் ஏறி, சார்ல் து கோல் விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இங்கு இறங்கிய பின் கடவுச்சீட்டு வரிசை, பெட்டி, வீதி நெரிசல் எல்லாம் கடந்து வீடு சேர 12.30 ஆகும். ஆக, பிள்ளையின் பயணம் ஆறரை மணி நேரம். பாரிஸிலிருந்து வரும் யூரோஸ்டார் ரயில் 2 மணி 16 நிமிடத்தில் லண்டன் செயின்ட் பங்கிராஸ் நிலையம் வந்து சேரும் என்றாலும், அதற்கும் இரு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனையும் புறப்படும் முன்பே முடிய வேண்டும்.

சென்ற மாத வாய்மொழித் தேர்வன்று, விமானம் தாமதமானதால், நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி 3.20க்குப் பெட்டியோடு நேரே வகுப்புக்கு வந்தாள். கைகளில் மருதாணி சிவந்திருந்தது. வாரக்கணக்காகப் பயின்ற பாட்டின் இரண்டாம் வரியில் நின்றவள், மேசையில் தலை சாய்த்து உறங்கிவிட்டாள். அவளை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எனவே, அடுத்த தவணை முதல், முன்னறிவிப்பின்றித் தவறவிடும் தேர்வு மீண்டும் நடத்தப்படமாட்டாது. இதில் விதிவிலக்கு இல்லை. சனிக்கிழமை விழா இருப்பின் இரண்டு வாரம் முன்னரே வகுப்பாசிரியரிடம் கூறுங்கள். பிள்ளையின் தேர்வை முந்தைய ஞாயிறே நடத்தித் தருவோம்.

பனியிலும் மழையிலும் பிள்ளைகளைத் தவறாது அழைத்து வரும் உங்களுக்கும், இடைவேளைச் சிற்றுண்டியைப் பொறுப்பேற்ற அம்மாமாருக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி.

இவ்வண்ணம்,
தலைமையாசிரியர்