பாட்டி ஏறிய பஸ்

அன்புள்ள யாழினிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கோபமாகப் பேசினாய். பெண்கள் தினக் கூட்டத்துக்குக் கூப்பிட்டும் உன் அறைத்தோழி வரவில்லை, "அது எங்களுக்கான கூட்டம் இல்லை" என்று சொல்லிவிட்டாள் என்றாய். அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். அவளுடைய பாட்டி அட்லாண்டாவில் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அங்கிருந்து யோசித்துப் பார்.

அறுபதுகளில் அமெரிக்காவில் பலமாகக் கேட்ட பெண்ணியக் குரல், "வீட்டுக்குள் அடைந்து கிடக்க மாட்டோம், வேலைக்குப் போக வேண்டும்" என்பது. நியாயமான குரல்தான். ஆனால் அந்த வீடுகளின் சமையலறையில் ஏற்கெனவே ஒரு கறுப்பினப் பெண் நின்றுகொண்டிருந்தாள். விடியற்காலையில் தன் பிள்ளைகளை விட்டுவிட்டு பஸ் பிடித்து வந்து, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகும் உரிமையை அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? அவளுக்கு வேண்டியது உருப்படியான கூலி. 1938-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டு வேலை செய்பவர்களைச் சேர்க்கவே இல்லை. 1974-இல்தான் சேர்த்தார்கள்.

நீ இருக்கும் அட்லாண்டாவில்தான் டோரதி போல்டன் இருந்தார். ஒன்பது வயதிலேயே அம்மாவோடு இந்த வேலைக்கு வந்தவர். பஸ் பஸ்ஸாக ஏறி, வேலைக்குப் போகும் பெண்களிடம் பேசிப் பேசியே 1968-இல் அவர்களுக்கு ஒரு சங்கம் கட்டினார். சேர வேண்டுமா, முதலில் வாக்காளராகப் பதிவு செய்துகொள் என்பார். எனக்கு அவர் மேல் அவ்வளவு மரியாதை.

இன்னொன்றைப் படித்தபிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. 1973, அலபாமாவின் மான்ட்கோமரி. ஏழைக் கறுப்பினக் குடும்பம், 14 வயதில் அக்கா, 12 வயதில் தங்கை. ஏதோ ஊசி போடப் போகிறார்கள் என்று நம்பி, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா சம்மதக் காகிதத்தில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி போட்டார். இரண்டு பேருக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டார்கள்.

அப்புறம், இப்படி நடக்காமல் இருக்க, சம்மதம் வாங்கி 30 நாள் கழித்துத்தான் இந்த ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று விதி கொண்டுவரச் சிலர் கேட்டபோது, பெண்ணுரிமை அமைப்புகளிலேயே சில அதை எதிர்த்தன. வசதியான வெள்ளைப் பெண் தானாகக் கேட்டாலும் டாக்டர்கள் மறுத்த காலம் அது. அவளுக்கு அந்த 30 நாள் இன்னொரு தடை. அந்த அம்மாவுக்கோ, யாரிடமாவது காகிதத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லக் கிடைத்திருக்கும் அவகாசம்.

உன் தோழியை மறுபடி கூட்டத்துக்குக் கூப்பிடாதே. பாட்டியைப் பற்றிக் கேள். எந்த பஸ்ஸில் போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார், அதுவரை பிள்ளைகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேள். அவள் சொல்வதை எனக்கும் எழுது.

அன்புடன்,
அம்மா